அது திருவாதிரை அல்ல, கும்மி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாப் படம் வந்தது. அதன் கீழே 'திருவாதிரைக்களி ஆடி அசத்திய சிறுமிகள்' என்று போட்டிருந்தீர்கள். இடமிருந்து நான்காவதாக நிற்பவள் என் மகள். இரண்டாம் வகுப்பு, தமிழ் வழி. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நாங்க கும்மிதானேம்மா ஆடுனோம்?" என்று கேட்டாள்.

திருவாதிரைக்களி எது, கும்மி எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலவிளக்கும் சரிகைக் கரை போட்ட கசவு முண்டும் இருந்தால் அது திருவாதிரை. எங்கள் பிள்ளைகளோ பச்சையும் அரக்குமாகப் பாவாடை கட்டி, முளைப்பாரிச் சட்டியைச் சுற்றி ஆடினார்கள். சட்டி உங்கள் படத்திலேயே தெரிகிறது. பாட்டு என் அமுச்சியுடையது, அதாவது என் அம்மாவைப் பெற்றவருடையது. எங்கே குனிந்து கொட்டுவது, எங்கே நிமிர்ந்து கொட்டுவது என்று ஒரு மாதம் வாசலில் நிறுத்தி அவரேதான் சொல்லிக் கொடுத்தார். வயது எண்பது.

விழா 4 மணிக்கு என்றது அழைப்பிதழ். (அதுவும் மலையாளத்தில் மட்டும். அந்தக் கதைக்குத் தனிக் கடிதம் வேண்டும்.) பொன்னாடை, நினைவுப் பரிசு, ஏழு பேர் பேச்சு. ஏழு பேருமே "சுருக்கமாகப் பேசுகிறேன்" என்றுதான் தொடங்கினார்கள். கும்மி மேடையேறும்போது மணி 8.30. அதற்குள் என் மகள் என் மடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டாள், பாதி பவுடர் என் சேலையில். உங்கள் செய்தியாளர் பொன்னாடை முடியும் வரை இருந்தார், பார்த்தேன். அந்த ஏழு பெயரும் தலைப்பெழுத்துத் தவறாமல் வந்திருக்கின்றன. ஆடிய பதினான்கு பிள்ளைகளில் ஒருத்தி பெயர்கூட இல்லை.

ஓவியக் கண்காட்சிக்கு உங்கள் செய்தியில் அரை வரி. வகுப்பறையில் கொடி கட்டித் துணி கிளிப்பில் படங்களை மாட்டியிருந்தார்கள். என் மகள் வரைந்தது பனைமரங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்றைப் பார்த்து வளர்கிற பிள்ளை வேறு எப்படி வரையும்? விருந்தினர் ஒருவர் "தெங்கு நன்னாயிட்டுண்டு" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். பனை தென்னையானது போலத்தான் கும்மியும் திருவாதிரையானது. பரிசு வாங்கிய படங்கள் பெற்றோரின் கைவேலை என்று பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்தது. சரி, அது உங்கள் தவறல்ல.

உங்கள் மேல் இருப்பது பழைய வருத்தம். இருபது வருடமாக எங்கள் வீட்டுக்கு உங்கள் கோவைப் பதிப்புதான் வருகிறது. எங்கள் ஊர் அதில் எப்போது வரும்? வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் ஏதாவது பிடிபட்டால் வரும். ஆழியாற்றுத் தண்ணீரில் தகராறு என்றால் வரும். மணக்கடவில் எங்களுக்குத் தர வேண்டிய 7.25 டிஎம்சியைப் புள்ளி தவறாமல் போடுகிறீர்கள். ஆட்டம் பாட்டம் என்று வந்தால் மட்டும் கேரளம் என்றதுமே உங்கள் ஆட்களுக்குத் திருவாதிரைதான் தோன்றும் போலிருக்கிறது. கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழ்ப் பாட்டு ஒப்புவிக்கத் தனிப் போட்டியே இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குத் தெரிந்திருக்கிறது நாங்கள் யாரென்று, கோவைக்குத் தெரியவில்லை.

மலையாளத்தின் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் எழுத்தச்சனின் குருமடம் எங்கள் சித்தூரில்தான் இருக்கிறது. என் மகளும் மலையாளம் நன்றாகவே பேசுவாள். அன்றைக்கு அதே மேடையில் அசல் திருவாதிரையும் இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அழகாக ஆடினார்கள். அவர்கள் படத்தையும் நீங்கள் போடவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். 'திருவாதிரைக்களி' என்று வந்ததைக் 'கும்மி' என்று திருத்தி, அதே பக்கத்தில் ஒரு வரி போடுங்கள். என்றைக்கு வரும் என்று முன்பே தெரிவித்தால் ஏஜென்டிடம் ஒரு பிரதி கூடுதலாகச் சொல்லி வைப்பேன். அமுச்சிக்கு ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
இடமிருந்து நான்காவதாக நிற்பவளின் தாய்,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.