பாப்பாவுக்கு, அந்த ஆரஞ்சு மாத்திரை பத்தி

பாப்பா,

நேத்து போன்ல "அம்மா நீ சாப்பிடுற அந்த கோ கியூ டென் நானும் ஆர்டர் போடட்டுமா, எப்பப் பாரு டயர்டாவே இருக்கு"ன்னு கேட்ட, பதில் சொல்றதுக்குள்ள மீட்டிங்னு வச்சுட்ட. ராத்திரி பூரா அதே நெனப்புதான் எனக்கு. போன்ல சொன்னா பாதி காதுல விழும் பாதி விழாது, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்கு முழுசா சொன்னதில்ல. போன வருஷம் கொலஸ்ட்ரால் கூடிருச்சுன்னு அட்டோர்வாஸ்டாட்டின் 20ன்னு கொலஸ்ட்ராலக் குறைக்குற ஸ்டாட்டின் வகை மாத்திரை ஆரம்பிச்சாங்கல்ல, ஆறேழு வாரத்துல ரெண்டு தொடையும் கெண்டைக்காலும் ஒரே உளைச்சல், நாள் பூரா நாத்து நட்டுட்டு வந்த மாதிரி கனம். நம்ம மாடிக்கு 18 படி, ஈரத்துணி வாளியத் தூக்கிட்டு ஏறுனா பத்தாவது படியில செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னுருவேன். வயசாச்சு அவ்ளோதான்னு நானே முடிவு பண்ணி யார்ட்டயும் சொல்லல. அப்பாதான் ஒரு நாள் பாத்துட்டு கையோட டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாங்க. அவர் தசைக்கு சிகேன்னு ஒரு டெஸ்ட், தைராய்டு, வைட்டமின் டி எல்லாம் பாத்தார், எதுலயும் கோளாறு இல்ல, அப்புறம் ஸ்டாட்டின வேற ஒண்ணுக்கு மாத்தி அளவையும் குறைச்சு, கூடவே கோ கியூ டென் 100 மில்லிகிராம் தினம் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தார்.

28 வருஷம் பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு விலங்கியல் எடுத்தவ நான், செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற மைட்டோகாண்ட்ரியா படத்த போர்டுல எத்தன தடவ வரைஞ்சிருப்பேன், அதுக்குள்ள இருக்குற சாமான் ஒண்ணு அட்டையில அடைச்சு என் கைக்கே வருதேன்னு இருந்துச்சு. நம்ம மாடிக்கு காங்கிரீட் போட்ட அன்னிக்கு ஆளுங்க வரிசையா நின்னு சட்டிய கைமாத்துனாங்களே ஞாபகம் இருக்கா? செல்லுக்குள்ளயும் அதே வேலைதான். சாப்பாட்டுலேர்ந்து வர்ற எலக்ட்ரான கைமாத்தி கைமாத்தி விட்டாத்தான் கடைசியில ஏடிபிங்குற, செல்லு வேலை செய்றதுக்கு வேண்டிய சக்திப் பொருள் உண்டாகும், அந்த வரிசைக்கு நடுவுல நின்னு வாங்கி வாங்கிக் குடுக்குற ஆள்தான் இந்த கோ கியூ டென். 1957ல அமெரிக்காவுல விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில ஃபிரெட்ரிக் கிரேன் மாட்டு இதயத்துலேர்ந்து இத பிரிச்சு எடுத்தார். இதயத்துல இது நிறைய இருக்கறது நியாயம்தான, நாளைக்கு லட்சம் தடவ துடிக்குற சதையாச்சே.

இத நம்ம உடம்பே செஞ்சுக்கும். சாளை மீன், நிலக்கடலை, எள்ளு, ஈரல் எல்லாத்துலயும் இருக்கு, ஆனா ஒரு நாள் சாப்பாட்டுல மொத்தமா 3லேர்ந்து 6 மில்லிகிராம்தான் சேரும். கொலஸ்ட்ராலும் இதுவும் ஒரே வாய்க்கால் தண்ணி. கன்னடியன் கால்வாய்ல மேமடைய அடைச்சா கீழ ரெண்டு வயலுக்கும்தான தண்ணி குறையும், ஸ்டாட்டின் மேமடையத்தான் அடைக்குது, அதனால ரத்தத்துல கோ கியூ டென்னும் குறையுது. ஆனா கால் உளைச்சலுக்கு அந்தக் குறைவுதான் காரணம்னு யாரும் அடிச்சு சொல்லல, மாத்திரை குடுத்துப் பாத்த ஆராய்ச்சில சிலதுல குணம் தெரிஞ்சிருக்கு சிலதுல ஒண்ணுமே இல்ல.

மொத வாரம் காலையில வெறும் டீயோட போட்டுட்டு இருந்தேன். டாக்டர் கேட்டுட்டு, இது எண்ணெயில கரையுறதும்மா, எண்ணெயோ நெய்யோ இருக்குற சாப்பாட்டோட போடுங்கன்னார். அன்னிக்கு ஒரு மாத்திரைய சேலை ஊக்கால குத்திப் பாத்தேன், உள்ள கெட்டியா ஆரஞ்சு எண்ணெய், விரல்ல பட்டது சோப்பு போட்டும் சாயங்காலம் வரைக்கும் போகல. அப்புறம் மதியச் சோத்தோடதான். ரெண்டு மாசத்துல படி ஏறுறது லேசாச்சு. ஸ்டாட்டின மாத்துனதாலயா, இந்த மாத்திரையாலயா, ரெண்டும் சேந்தான்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரையாலதான்னு நான் சொன்னா நீ நாளைக்கே வாங்கிருவ, அதான் இத அழுத்திச் சொல்றேன்.

இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு இதுல நல்ல செய்தி இருக்கு. 2014ல வந்த ஒரு ஆராய்ச்சில 420 பேர, வழக்கமான மருந்தோட தினம் 300 மில்லிகிராம் குடுத்து ரெண்டு வருஷம் பாத்தாங்க, பெரிய இதயச் சிக்கல் வந்தது இது சாப்பிட்டவங்கள்ல 100க்கு 15 பேருக்கு, வெத்து மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 26 பேருக்கு. படிச்சப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஆனா பார்க்கின்சன் நோய்க்கு இதவிட பல மடங்கு குடுத்தும் பலன் இல்லன்னு ஆயிருச்சு. எல்லாத்துக்கும் சர்வ மருந்து இல்லம்மா இது.

பெரியப்பாவும் என்னப் பாத்துட்டு ஒரு அட்டை வாங்கிட்டு வந்துட்டாங்க தெரியுமா. இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுற மனுஷன். இது பாக்க வைட்டமின் கே மாதிரி அமைப்பு, வார்ஃபரினோட வேலையக் குறைச்சுரலாம், உங்க டாக்டரக் கேக்காம தொடாதீங்கன்னு அட்டைய வாங்கி நானே உள்ள வச்சுட்டேன்.

இப்ப உன் விஷயம். உனக்கு 31 வயசு, ஸ்டாட்டின் கிடையாது, இதயம் நல்லாருக்கு. உன் உடம்பு வேண்டிய கோ கியூ டென்ன தானா செஞ்சுக்கும். அப்ப அசதி எங்கேர்ந்து வருது? மாசாமாசம் உனக்கு எவ்ளோ ரத்தம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா. தேசிய குடும்ப நல ஆய்வுல 2019-21ல பாத்தப்ப நம்ம நாட்டுல 15லேர்ந்து 49 வயசு பொம்பளைங்க 100ல 57 பேருக்கு ரத்தசோகை. ராத்திரி ரெண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எந்திரிக்கிற, காலையில வெறும் காபி. இதுக்கு மேல மாத்திரையப் போட்டா, 300 ரூவா அட்டை காலியாகும், ரத்தம் குறைஞ்சிருந்தா அது பாட்டுக்கு குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

சனிக்கிழமை லீவுதான, வெறும் வயித்துல போய் ரத்தம் குடு. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பு பாக்க), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கு), வைட்டமின் பி12, சுகர். ரிப்போர்ட்ட எனக்கும் அனுப்பு, நேரா டாக்டர்ட்டயும் காமி. அவங்க பாத்துட்டு கோ கியூ டென் சாப்பிடுன்னு சொன்னா நானே வாங்கி கொரியர்ல போடுறேன்.

நிலக்கடலை வறுத்து, எள்ளுருண்டை பிடிச்சு வச்சிருக்கேன், அடுத்த வாரம் அப்பா வரும்போது குடுத்து விடுறேன். மேற்கால இருட்டிக்கிட்டு வருது, மாடியில துணி கெடக்கு, போய் எடுத்துட்டு வாரேன். சனிக்கிழமை மறந்துராத.

அம்மா