கைவினைப் பெண் கலைஞர்களின் கண்காட்சி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நெசவு, தையல், மண்பாண்டம், பின்னல் ஆகியவற்றில் படைக்கும் பெண் கலைஞர்களின் கண்காட்சிக்கு ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களை இந்தப் பருவத்தில் அழைத்துச் செல்கிறோம். நாள், நேர விவரமெல்லாம் இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. ஏன் போகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓர் ஓவியத்தைப் பார்த்தால் வரைந்தவர் யார் என்று கேட்கிறோம். பூவேலை செய்த துணியைப் பார்த்தால் எந்த ஊர் வேலை என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். அதைச் செய்த பெண்ணின் பெயர் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. அந்தப் பெயரைக் கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஹாரியட் பவர்ஸ் என்பவரைப் பற்றி வகுப்புகளில் பேசிவருகிறோம். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணித்துண்டுகளாக வெட்டி, பதினொரு கட்டங்களில் தைத்து ஒரு போர்வை செய்தார். 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்க, அவரே அதை எடுத்துக்கொண்டு வந்தார். பத்து டாலர் கேட்டார், கிடைத்தது ஐந்து. கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன தைத்திருக்கிறேன் என்று விளக்கினார். ஸ்மித் அதைக் குறித்து வைத்தார். பிறகும் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டுப் போகப் பலமுறை வந்திருக்கிறார் பவர்ஸ். அவர் தைத்தவற்றில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. இந்தப் போர்வை வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அந்த ஆசிரியை உட்கார்ந்து எழுதியிராவிட்டால், அந்தக் கட்டங்களுக்குப் பவர்ஸ் சொன்ன பொருள் நம்மை வந்து சேர்ந்திருக்காது. ஆசிரியர் என்ற முறையில் இந்தச் செய்தி என்னை மிகவும் தொடுகிறது.

தையலும் நெசவும் பெண் பிள்ளைகளுக்குத்தானே, பையன்கள் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். அனைவரும் வரவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1922இல் சேர்ந்த அன்னி ஆல்பர்ஸ் கண்ணாடி வேலை கற்க விரும்பினார். பெண்களை நெசவுப் பட்டறைக்கே அனுப்பிய காலம் அது. அவரும் தறிக்குப் போனார். பட்டயப் படிப்புக்காக, ஓர் அரங்கின் சுவருக்கென்று அவர் நெய்த துணி ஒருபுறம் ஒலியை உள்வாங்கும், மறுபுறம் ஒளியைத் திருப்பியனுப்பும். பருத்தியோடு செலோஃபேன் என்ற பளபளப்பான மெல்லிய தாளையும் சேர்த்து நெய்திருந்தார். அது கலையும்தான், அறிவியலும்தான். 1949இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பிள்ளைகளில் யாருக்கு இந்தத் துணி பிடிக்கும் என்று முன்கூட்டியே முடிவுசெய்ய நமக்கு உரிமை இல்லை.

நம் நாட்டின் மிருணாளினி முகர்ஜியையும் (1949-2015) சொல்லியாக வேண்டும். சாயமேற்றிய சணல் கயிற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் போட்டே ஆளுயரத்துக்கு மேற்பட்ட உருவங்களை எழுப்பியவர். வரைபடம் போட்டுக்கொண்டு தொடங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. முடிச்சுகள் வளர வளர உருவமும் வளரும்.

கண்காட்சியில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். ஏதேனும் மூன்று படைப்புகளின் முன் நன்றாக நின்றால் போதும். துணியென்றால் ஓரத்தைப் பார்க்கட்டும், பின்புறம் தெரிந்தால் அதையும் பார்க்கட்டும். தையல்காரியின் கை அங்கேதான் தெரியும். பானையென்றால் சக்கரத்தில் வனைந்ததா, கயிறுபோல் உருட்டிய மண்திரியைச் சுற்றிச் சுற்றி எழுப்பியதா என்று யோசிக்கட்டும். நைஜீரியாவின் லாடி குவாலி அப்படி மண்திரியால் பானை எழுப்பியவர். அந்நாட்டின் 20 நைரா பணத்தாளில் அவர் உருவம் இருக்கிறது.

தொட்டுப் பார்க்க அனுமதி இருக்காது. கையின் வியர்வையும் எண்ணெயும் நூலைக் கெடுக்கும். துணிகள் உள்ள அறைகள் கொஞ்சம் இருட்டாக இருக்கும், பலமான ஒளியில் சாயம் வெளுத்துவிடும் என்பதால். சிறியவர்கள் பயப்படாமல் இருக்க முன்பே சொல்லிவையுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொடுத்தனுப்புங்கள், பேனா வேண்டாம். கைப்பேசியும் வேண்டாம்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். வீட்டில் கையால் செய்த பொருள் ஏதாவது இருந்தால், போவதற்கு முந்தைய வாரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுங்கள். செய்தவர் யார், யாரிடம் கற்றார், எந்த இடம் கடினமாக இருந்தது என்று பிள்ளையே கேட்டு அரைப்பக்கம் எழுதட்டும். பொருளை அனுப்பவேண்டாம், எழுதியது போதும். பாட்டியோ அத்தையோ தொலைவில் இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். அப்படி எதுவும் வீட்டில் இல்லையென்றால் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளியிலேயே பொருள்கள் வைத்திருக்கிறோம்.

நெசவோ தையலோ பின்னலோ தெரிந்த பெற்றோர் எங்களோடு வந்தால் பெரிய துணையாக இருக்கும். படிவத்தின் கீழே அதற்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறோம். கையெழுத்திட்ட படிவம் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்