முதல் 30 நாள்: மிஷனரிப் பணிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கனத்துக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், குழு அங்கத்தினர் அனைவருக்கும்,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துதல்.

நீங்கள் அனுப்பிய விடுமுறைச் சுற்றறிக்கை களியக்காவிளை தொடங்கி வெள்ளறடை வரைக்கும் எல்லாச் சபைகளிலும் வாசிக்கப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் நம் மிஷனரி 45 நாளில் 38 ஆலயங்களில் செய்தி கொடுப்பார் என்று அதில் இருந்தது. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கிய மறுநாள் மாலையே முதல் கூட்டம். ஞாயிறுதோறும் காலையில் ஓர் ஆலயம், மாலையில் இன்னோர் ஆலயம்.

அதன்பின் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் அவருக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தன. அன்று இரவுக் கூட்டத்தை ரத்து செய்ய மனமில்லாமல் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு பேசினார். அடுத்த மூன்று நாளும் வைரல் காய்ச்சல் என்றார்கள். பிளேட்லெட் குறைந்ததும் டெங்கு என்றார்கள். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் கொடுக்கப்பட்டன. ஐந்தாம் நாள்தான் ஒரு இளம் மருத்துவர், "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டார். அன்று மாலை ரத்தத்தில், மலேரியாவிலேயே ஆபத்து மிகுந்த வகையான ஃபால்சிபாரம் தெரிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் ஸ்தோத்திரத்தோடு விட்டுவிட எங்களால் முடியவில்லை. அதனால்தான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே: பணித்தளத்திலிருந்து வரும் எந்த மிஷனரிக்கும், அவர் மனைவி மக்களுக்கும், முதல் 30 நாள் ஒரு கூட்டமும் வைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே மருத்துவப் பரிசோதனை முடியட்டும். அது முடிந்தபின் சுற்றறிக்கை அச்சாகட்டும்.

ஏன் 30 நாள் என்று கேட்பீர்கள். ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி கொசுக்கடி வழியாக உள்ளே போனதும் முதலில் கல்லீரலில் தங்குகிறது. ஏழு நாளாவது ஆகாமல் காய்ச்சல் காட்டாது. பெரும்பாலும் 9 முதல் 14 நாளுக்குள் காட்டும், சிலருக்கு இன்னும் தள்ளிப்போகும். ஊரைவிட்டுக் கிளம்பும் கடைசி இரவு கடித்த கொசுவின் கணக்கு இங்கே வந்தபிறகுதான் தீரும். பயணத்துக்கு முந்திய வாரம்தான் ஆபத்து மிகுந்தது. சாமான் கட்டி, வலையை மடித்து வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் விடைபெறப் போய் இரவு தாமதமாகத் திரும்புகிற வாரம் அது. அங்கே சுகமாக இருந்தாரே, இங்கே வந்துதானே படுத்தார் என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. காய்ச்சல் இங்கே வந்தது, நோய் அங்கேயே வந்துவிட்டது.

தடுப்பு மாத்திரை விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர் அபாயப் பகுதியைவிட்டு வந்தபின்பும் நாள்தோறும் 4 வாரம் தொடர வேண்டும். வாரம் ஒன்றாக மெஃப்ளோகுயின் சாப்பிடுகிறவருக்கும் அதே 4 வாரம். இவை ரத்தத்துக்குள் வந்த ஒட்டுண்ணியைத்தான் கொல்லும், கல்லீரலில் பதுங்கியதைத் தொடாது. அடோவாகோன்-புரோகுவானில் கல்லீரலிலும் வேலை செய்வதால் அதற்கு 7 நாள் போதும். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஊர் வந்தாயிற்று, இனி மாத்திரை எதற்கு என்று அம்மா எடுத்து மேல்தட்டில் வைத்துவிடுகிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்ஸிசைக்ளின் ஆகாது என்பதையும் புறப்படும்போது யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

பல வருடம் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தடுப்பு மாத்திரையை விட்டுவிட்டு வலையை மட்டும் நம்புகிறார்கள். "பத்து வருஷம் ஆச்சு, அவருக்கு மலேரியா பழகிப்போச்சு" என்று மேடையில் பெருமையாகச் சொல்லப்படுவதும் உண்டு. அப்படிப் பழகுவதில்லை. பிறந்ததுமுதல் அந்த மண்ணில் திரும்பத் திரும்பக் கடி வாங்கி வளர்ந்தவருக்கே எதிர்ப்பு அரைகுறையாகத்தான் கிடைக்கும், வெளியே வந்து கொஞ்ச காலத்தில் அதுவும் தேயும். இங்கே பிறந்து முப்பது வயதில் போனவர் எத்தனை வருடம் இருந்தாலும் அதை நம்பக்கூடாது.

நம் பக்கத்தில் இது ஏன் தவறிப்போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழில் காய்ச்சல் என்றாலும் மலையாளத்தில் பனி என்றாலும், தமிழக-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மருத்துவரின் மனதில் முதலில் வருவது டெங்கு, அடுத்தது எலிக்காய்ச்சல். மழைக்காலத்தில் அதுதான் நியாயம். ஆனால் மலேரியாவிலும் பிளேட்லெட் விழும். டெங்கு டெஸ்ட் இல்லை என்று வந்தபிறகும், பிளேட்லெட்டைப் பார்த்து டெங்குதான் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஃபால்சிபாரத்தில் ஒரு நாள் தாமதம் சின்ன விஷயம் அல்ல. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அது ஏற எடுக்கும் நேரம் சில வேளை ஒன்றிரண்டு நாள்தான்.

ஒரு முறை ரத்தம் பார்த்து மலேரியா இல்லை என்று வந்தாலும் போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறையாவது ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை, செய்ய வேண்டும். ஒரு சொட்டு ரத்தத்தைச் சிறு அட்டையில் விட்டுப் பார்க்கும் கார்டு டெஸ்ட் விரைவானது, ஆனாலும் ஸ்மியரும் சேர்ந்தே வேண்டும். ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில், எரித்ரியாவிலும் எத்தியோப்பியாவிலும், அந்தக் கார்டு தேடுகிற புரதமே இல்லாத ஃபால்சிபாரம் இருக்கிறது. அங்கே கார்டு இல்லை என்று காட்டினாலும் நோய் இருக்கலாம். மருந்து தேர்விலும் நாடு முக்கியம். வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக நம் நாட்டில் ஃபால்சிபாரத்துக்கு வழக்கமாகக் கொடுப்பது ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபாடாக்ஸின்-பைரிமெத்தமின். கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தச் சல்ஃபாடாக்ஸின் பல இடங்களில் வேலை செய்வதில்லை. அங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால் ஆர்ட்டிமெத்தர்-லூமெஃபான்ட்ரின் பற்றி மருத்துவர் யோசிப்பார். அது மூன்று நாளில் ஆறு வேளை. கொழுப்புச் சத்துள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சரியாகச் சேரும், வெறும் கஞ்சித் தண்ணீரோடு கொடுத்தால் போதாது. நோய் முற்றியவருக்கு மாத்திரை அல்ல, ரத்தக்குழாய் வழியாக ஆர்ட்டிசுனேட் ஊசி. இத்தனை முடிவும் "எங்கிருந்து வந்தீர்கள்" என்ற அந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

ஆகவே ஒரு சின்ன அட்டை அடித்துக் கொடுங்கள். ஆதார் அட்டை அளவு போதும். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் இப்படி இருக்கட்டும்: இவர் இன்ன நாட்டிலிருந்து இன்ன தேதியில் வந்தார். ஓர் ஆண்டுக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மலேரியா ஸ்மியர் பாருங்கள். முதல் முறை இல்லை என்று வந்தால் திரும்பப் பாருங்கள். ஓர் ஆண்டு என்று எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலேரியாவின் வைவாக்ஸ், ஓவேல் வகைகள் கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கி எழும்பும். அவற்றை வேரோடு அழிக்க பிரைமாகுயின் 14 நாள் வேண்டும், அதற்குமுன் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்த நொதி குறைந்தவருக்கு அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆயிரம் அட்டை அடிக்க ஆகும் செலவு, ஒரு கன்வென்ஷன் மேடையின் பூ அலங்காரத்துக்குக் காணாது.

முதல் வாரப் பரிசோதனையில் மலேரியா மட்டும் பார்த்தால் போதாது. மலம், நெஞ்சு எக்ஸ்ரே, ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேண்டும். விக்டோரியா ஏரியிலோ மலாவி ஏரியிலோ கால் நனைத்தவருக்கு நத்தைக் காய்ச்சல் என்ற, தண்ணீர் நத்தைகள் வழியாகப் பரவும் ஒட்டுண்ணி நோய்க்கான பரிசோதனையும் உண்டு. ஆனால் அது கடைசியாகத் தண்ணீரில் இறங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். இதற்கும் ஒரு தேதி குறித்து வைக்க வேண்டியிருக்கிறது. 38 ஆலயங்களுக்குத் தேதி குறிக்கத் தெரிந்த நமக்கு இது பாரமா?

மனைவி பிள்ளைகளை உங்கள் சுற்றறிக்கை ஒரே வரியில், "குடும்பத்தோடு" என்று முடித்துவிட்டது. அந்தக் குடும்பம்தான் ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து 38 இடமும் வருகிறது. பிள்ளைகளை மேடையில் ஏற்றி அந்த ஊர் பாஷையில் பாட்டுப் பாடச் சொல்கிறோம். நடு இரவில் சாப்பாடு. மறுநாள் அந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அது அலைச்சலா, மலேரியாவா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஓய்ந்திருக்கிற பிள்ளைக்கு வரும் காய்ச்சல் உடனே கண்ணில் படும். அதற்காகவும்தான் 30 நாள் கேட்கிறோம்.

எங்கள் வருத்தம் இந்த ஒரு நிகழ்ச்சியோடு நிற்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் உலையில் போடுமுன் எடுத்து வைக்கிற பிடி அரிசியும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைக்குலைக்கும் சேவலுக்கும் விழுகிற பணமும் மிஷனரிப் பணிக்கென்றே வருகின்றன. அந்தப் பணத்தில் அவர்கள் உயிருக்கு என்று எவ்வளவு ஒதுக்கப்படுகிறது? இங்கே எடுக்கும் மெடிக்ளெய்ம் பொதுவாக இந்தியாவுக்குள் செய்யும் சிகிச்சைக்குத்தான். சுற்றுலாப் பயணிக்கான காப்பீடு ஒரு பயணத்துக்கு வழக்கமாக 180 நாள் வரையில்தான். மூன்று வருடம் இருக்கப்போகிறவருக்கு இவை இரண்டும் உதவாது. நோயாளியை அடுத்த நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் சேர்த்து ஏற்கிற நீண்டகாலக் காப்பீடு தனியாக இருக்கிறது. அதற்குப் பிரீமியம் கட்டப் பணமில்லை என்று சொல்லும் வருடத்திலேயே கோபுரம் இன்னும் இருபது அடி உயர்கிறது. இதைச் சொல்ல வலிக்கிறது. சொல்லாமல் இருந்தால் இன்னும் வலிக்கும்.

நாம் யாருடைய பாடுகளின் பலனை அனுபவிக்கிறவர்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்படி கேட்கிறோம். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர், 1816இல் உடல் உடைந்து, பணியை உள்ளூர் விசுவாசி வேதமாணிக்கத்தின் கையில் விட்டுவிட்டுப் புறப்பட்டார். அவர் எங்கே, எப்படி முடிந்தார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அனுப்பியவர்களுக்குத் தூரம் அதிகம், கடிதம் வர மாதங்கள் ஆகும், மருந்தும் அன்று இல்லை. 1838இல் டாக்டர் ராம்சே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் அதே நெய்யூருக்கு வந்து தங்கிவிட்டார். நம் கண்முன் காரக்கோணத்தில் அவர் பெயரில் மருத்துவக் கல்லூரியே நிற்கிறது. சுகமளிக்க வந்தவர்களால் உண்டான சபை நாம். நாம் அனுப்புகிறவர் நம் ஊருக்கே திரும்பி வந்து, நம் நடுவில் ஐந்து நாள் என்ன நோய் என்று தெரியாமல் கிடந்தார். அதற்குத் தூரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

சபைகள் மிஷனரியைப் பார்க்க ஆவலாயிருக்கின்றன, அவர் முகத்தைப் பார்த்தால்தான் காணிக்கை வரும் என்ற உங்கள் நெருக்கடி எங்களுக்குப் புரியாததல்ல. எங்கள் சபைகளும் ஆவலாய்க் காத்திருந்தவைதான். ஆனால் இரண்டிரண்டு பேராக அனுப்பப்பட்ட சீஷர்கள் திரும்பி வந்து, செய்ததையும் போதித்ததையும் சொன்னபோது, ஆண்டவர் அவர்களைத் தனித்துச் சற்று இளைப்பாறத்தான் அழைத்தார். விடுமுறை மூன்று மாதம் என்றால் முதல் மாதம் வீட்டுக்கு, இரண்டாம் மூன்றாம் மாதம் சபைகளுக்கு. ஞாயிறு ஒன்றுக்கு ஓர் ஆலயம், வாரநாளில் ஒரு கூட்டம். மிச்சமுள்ள சபைகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து கேட்கட்டும். எங்கள் பகுதிச் சபைகள் அப்படிச் சேர்ந்து ஒரே கூட்டமாக வைக்கத் தயார்.

ஐயா, மறுபடியும் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறோம்: முதல் 30 நாள் கூட்டம் வேண்டாம், முதல் வாரமே பரிசோதனை, கையில் மூன்று மொழி அட்டை. இதைக் குழுவின் தீர்மானமாக எழுதி, சேகரங்களுக்கு அனுப்புங்கள். வாய்வார்த்தையாக இருந்தால், செல்வாக்குள்ள ஒரு சபை போன் செய்ததும் அது தளர்ந்துவிடும்.

டிசம்பரில் இன்னொரு குடும்பம் வருகிறது. கடைக்குட்டிக்கு மூன்று வயது. அவர்களுக்கான நிகழ்ச்சி நிரலை ஏற்கெனவே அச்சுக்குக் கொடுத்திருந்தால் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். அச்சுக்கூலியை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
கர்த்தருடைய பணியில் உங்களோடு,
களியக்காவிளை, பாறசாலை, காரக்கோணம் பகுதிகளில் மிஷனரிக் குடும்பங்களின் பயண, மருத்துவ ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளும் சபையார்