பழைய குக்கீ குறிப்பு, இன்றைய வெண்ணெய்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட குக்கீகளைப் பத்தாண்டு வாரியாகத் தொகுத்திருந்தீர்கள். தொகுப்பு அருமை. ஆனால் பழைய குறிப்பை உள்ளது உள்ளபடி அச்சிட்டால், அதைப் பார்த்துச் செய்பவரின் ட்ரேயில் பன்னிரண்டு குக்கீக்குப் பதில் ஒரே அடைதான் கிடைக்கும்.

முதல் காரணம் கொழுப்பு. 1942இல் சர்க்கரைக்கும் 1943இல் வெண்ணெய்க்கும் அங்கே போர்க்கால ரேஷன் வந்தது. அந்தக் காலக் குறிப்புகள் பலவும் வனஸ்பதி போன்ற கெட்டிக் கொழுப்பான ஷார்ட்டனிங்கை நம்பி எழுதப்பட்டவை. அது முழுக்கக் கொழுப்பு, உருகவும் நேரமாகும். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். 35 டிகிரி செல்சியஸுக்குள் இளகிவிடும். மாவு இறுகி நிற்பதற்குள் அது உருகிவிடுவதால் குக்கீ பரவுகிறது. ஷார்ட்டனிங்குக்குப் பதில் வெண்ணெய் சேர்ப்பவர்கள் பிசைந்த மாவை ஒரு மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஓவனிலிருந்து வந்த சூடான ட்ரேயிலேயே அடுத்த ஈட்டை வைக்கவே கூடாது.

அடுத்தது கப் கணக்கு. மைதாவைக் கரண்டியால் எடுத்துத் தளர்வாக நிரப்பினால் ஒரு கப் 120 கிராம். பையில் கப்பை விட்டு அள்ளினால் 150 வரை போகும். மாவு கூடினால் குக்கீ பரவாமல் உருண்டையாகவே நின்று வறண்டுபோகும். தயவுசெய்து கிராமில் போடுங்கள்.

மாசசூசெட்ஸில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு 1930களில் உருவாக்கிய சாக்லேட் சிப் குக்கீயையே எடுத்துக்கொள்வோம். மைதா 270 கிராம், வெண்ணெய் 225, வெள்ளைச் சர்க்கரை 150, பழுப்புச் சர்க்கரை 150, முட்டை இரண்டு, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, சாக்லேட் துண்டு 340. சூடு 190 டிகிரி, நேரம் 9 முதல் 11 நிமிடம். வெள்ளைச் சர்க்கரை மொறுமொறுப்பைத் தரும்; பழுப்பு, ஈரத்தைப் பிடித்துவைத்து மென்மையாக்கும். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருந்தால் போதும், பளபளவென்று இளகியிருந்தால் கெட்டது. ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வேகவில்லையோ என்று சந்தேகம் வரும்போதே எடுத்துவிட வேண்டும். ட்ரேயின் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். நடுவும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் ஆறியபின் பல்லுக்குத்தான் வேலை.

முட்டையில்லாத வெண்ணெய் பிஸ்கட்டான ஷார்ட்பிரெட்டில் இவ்வளவு வம்பு இல்லை. சர்க்கரை 100, வெண்ணெய் 200, மைதா 300; அதிகம் பிசையாமல் 160 டிகிரியில் சுட்டால் முடிந்தது. பட்டைத்தூள் தூவிய ஸ்னிக்கர்டூடில் குக்கீயில் க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புத் தூளுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். குக்கீ உப்பி வரும், ஆனால் அந்த லேசான புளிப்பு போய்விடும். அது போனால் பட்டைத்தூள் தூவிய சாதாரண சர்க்கரை குக்கீதான்.

வேர்க்கடலை வெண்ணெய் குக்கீமேல் முள்கரண்டியால் போடும் குறுக்குக் கோடும் வெறும் அலங்காரமில்லை. மாவு கனமானது, தானாகப் பரவாது. தட்டையாக்கினால்தான் சீராக வேகும். அமெரிக்க மாவு நிறுவனமான பில்ஸ்பரி நடத்திய 1957 பேக்கிங் போட்டியில் புகழ்பெற்ற, நடுவில் சாக்லேட் பதித்த வகைக்கு மட்டும் கோடு தேவையில்லை. ஓவனிலிருந்து எடுத்த கையோடு சாக்லேட்டை அழுத்திவிட வேண்டும், ஆறவிட்டால் குக்கீ விண்டுவிடும். சாக்லேட் மீண்டும் இறுகச் சில மணி நேரமாகும். அதுவரை டப்பாவில் அடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்