பால் ரிவியர் அஞ்சல்தலைக் காட்சிக்குத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பாஸ்டனுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில், 1775-இல் விடுதலைப் போர் தொடங்கியதை நினைவுகூரும் ஏப்ரல் மாதத் தேசபக்தர் தினத்தை ஒட்டி, அமெரிக்க விடுதலைப் போராட்ட வீரரும் வெள்ளிவேலைக் கலைஞருமான பால் ரிவியரைப் போற்றும் அஞ்சல்தலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தோம். அது இனிதே நிறைவேறக் காரணமாக இருந்த அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தம் சேகரிப்பைத் தயங்காமல் எங்களை நம்பிக் கொடுத்த மூத்த சேகரிப்பாளருக்கே முதல் நன்றி உரியது. 1958 ஏப்ரல் 18 அன்று பாஸ்டனில் வெளியான பச்சை நிற 25 சென்ட் அஞ்சல்தலை, வெளியான அன்றே முத்திரையிடப்பட்ட அதன் முதல்நாள் உறை, ஓரத்தில் அச்சுத் தகட்டின் எண் தெரியும் நான்கு அஞ்சல்தலைகளின் கட்டு, நீண்ட சுருளாக விற்க 1965-இல் வந்த சுருள் வடிவம் ஆகிய எல்லாமே அவருடையவை. வெளியீட்டு நாளும் பொருத்தமாகவே அமைந்திருந்தது. 1775-இல் அதே ஏப்ரல் 18 இரவில்தான் ரிவியர், பிரித்தானியப் படை புறப்பட்டுவிட்டது என்று எச்சரிக்க லெக்சிங்டனுக்குக் குதிரையில் விரைந்தார். ஆனால் அஞ்சல்தலையில் குதிரையும் இல்லை, படையின் புறப்பாட்டை அறிவிக்க அன்றிரவு தேவாலயக் கோபுரத்தில் ஏற்றிய விளக்குகளும் இல்லை. கில்பர்ட் ஸ்டூவர்ட் 1813-இல் தீட்டிய ஓவியத்திலிருந்து எடுத்த, நரைத்த தலையுடைய முதியவரின் முகம் மட்டுமே இருக்கிறது. எனக்கு இதுவே சரியான தேர்வாகப் படுகிறது. அந்த ஓர் இரவுக்குப் பின்னும் பல்லாண்டுகள் உழைத்து, மணிகளை வார்த்து, 66 வயதில் மாசசூசெட்ஸின் கேன்டன் ஊரில் செப்புத் தகடு உருட்டும் ஆலை தொடங்கிய மனிதரின் முகம் அது.

ஓய்வுபெற்ற செதுக்குக் கலைஞர் ஒருவர் தம் உளிகளோடு வந்து உதவியதை எப்படிச் சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. அந்த 25 சென்ட் அஞ்சல்தலை செதுக்கு அச்சில் (தகட்டில் செதுக்கிய பள்ளங்களில் மை நிறைத்துத் தாளில் அழுத்தும் முறையில்) உருவானது என்பதை அவர் சொல்லி விளக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கியின் கீழ் மை மேடுகளாக எழுந்து நிற்பதைக் குழந்தைகளுக்குக் காட்டினார். பிறகு ஒரு சிறு செப்புத் தகட்டில் கோடு இழுக்கவைத்து, மை தடவித் துடைத்து, ஈரத்தாளில் அழுத்தி எடுத்துக் கொடுத்தார். ரிவியரும் இப்படித்தான் வேலை செய்தார். 1770-இல், பிரித்தானியப் படையினர் பாஸ்டன் மக்களைச் சுட்டுக் கொன்ற பாஸ்டன் படுகொலையின் படத்தை அவர் செதுக்கிய அதே தகட்டின் பின்புறத்தில்தான் 1775-இல் மாசசூசெட்ஸின் காகிதப் பணத்துக்கான உருவையும் செதுக்கினார். (படுகொலைப் படத்தின் மூல வரைவு ஹென்றி பெல்ஹாமுடையது என்பதையும் விளக்கக் குறிப்பில் மறைக்காமல் எழுதினோம்.) தகட்டில் செதுக்கி வாழ்ந்தவருக்குத் தகட்டில் செதுக்கிய அஞ்சல்தலையால் செய்த மரியாதை, அந்தக் கலைஞரின் கைகளால்தான் பார்வையாளர்களுக்குப் புரிந்தது.

1960-களில் இங்கு படிக்க வந்த தம் தந்தை மதராஸுக்கு எழுதிய கடித உறையை இரவல் தந்த தமிழ்க் குடும்பத்துக்கும் கடமைப்பட்டுள்ளேன். அக்காலத்தில் இங்கிருந்து இந்தியாவுக்கு அரை அவுன்ஸ் விமான அஞ்சல் கட்டணம் 25 சென்ட். ஆகவே உறையில் ரிவியர் ஒருவரே தனியாக இருக்கிறார். முத்திரையின் அலைக்கோடுகள் அவர் தோள் மீது ஓட, கீழே மயிலாப்பூர் முகவரி நீல மையில் தெளிவாகத் தெரிகிறது. அஞ்சல்தலையைக் கிழித்தெடுக்காமல் உறையை முழுதாகவே காத்துவைத்த, கடிதம் எழுதியவருடைய தாயாருக்குச் சேகரிப்பாளர்கள் சார்பில் தனி வணக்கம்.

1972 ஜூலை 4 அன்று வெளியான குடியேற்றக் காலக் கைவினைஞர் வரிசையின் நான்கு தலைகளைத் தேடித் தந்த இளைஞருக்கும், அவற்றுள் வெள்ளிவேலைக்காரர் தலையைப் பெரிதாக்கி நுழைவாயிலில் வைக்கலாம் என்று யோசனை கூறிய ஆசிரியைக்கும், இடமும் கண்ணாடிப் பேழையும் தந்த நூலகத்தாருக்கும், மேசை சுமந்த தன்னார்வலர்களுக்கும் நன்றி.

இரவல் பெற்றவை அனைத்தும் உரியவர்களிடம் பத்திரமாகத் திரும்பச் சேர்க்கப்பட்டுவிட்டன. மதராஸ் உறையின் படியை நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வைத்துக்கொள்ள அக்குடும்பத்தார் இசைவளித்துள்ளனர். விரும்புவோர் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
காட்சி அமைப்பாளர்