"ஓர் எழுத்துகூட மாறாத அசல்" என்று விற்ற நூல் குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் பில்லின் பின்பக்கத்தில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். எண்பதுகளில் வந்த ரோல்பிளே (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) விதிநூல் ஒன்றின் மறுபதிப்பை டர்பனிலுள்ள உங்கள் முகவரிடம் வாங்கினேன். "ஓர் எழுத்துகூட மாறாத அசல்" என்று அட்டையில் பொன் எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். பழைய பிரதியும் என்னிடம் இருக்கிறது. அட்டை கிழிந்து, ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிவிட்டது, ஆனால் பக்கம் எதுவும் குறையவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பொன் எழுத்து பொய்.

முதலில் அச்சுப்பிழைகள். பழைய நூலை ஸ்கேன் செய்து, எழுத்துகளை மென்பொருளைப் படிக்க விட்டு, யாரும் மெய்ப்புப் பார்க்காமலே அச்சுக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆயுத அட்டவணையில் குத்துவாளுக்கு "2டி4" என்று இருக்க வேண்டும். நாலு முகப் பகடை இரண்டை உருட்டிக் கூட்ட வேண்டும் என்று பொருள். உங்கள் நூலில் "டி" காணாமல் போய் வெறும் "24" நிற்கிறது. எட்டைத் தாண்டாத அடி ஒரேயடியாக இருபத்து நாலு! குத்துவாளோடு வந்தவன் டிராகனையே சாய்த்துவிடலாம். எங்கள் மேசையில் எல்லோரும் சிரித்தோம், சரி. பழைய விதி தெரியாத புதுப் பையன் இதை நம்பி ஆடினால் என்ன ஆவது? அப்புறம், எழுத்தின் அளவை மாற்றியதில் பக்கங்கள் நகர்ந்துவிட்டன. பொருளடைவு மட்டும் பழைய எண்களிலேயே இருக்கிறது. மந்திரத்தைத் தேடிப் போனால் குதிரை விலை வருகிறது.

இதையெல்லாம் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்த ஒன்றை அப்படி விட முடியவில்லை. தெய்வங்கள் பற்றிய அத்தியாயத்தில் வேல் பிடித்த முருகன் படம் இருந்தது. அதற்குக் கீழே அவர் எத்தனை அடி தாங்குவார் என்ற ஹிட் பாயிண்ட் கணக்கும் இருந்தது. புது நூலில் அந்தப் பக்கமே இல்லை. எடுத்துவிட்டோம் என்று முன்னுரையில் ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் மனம் புண்படும் என்று நினைத்திருப்பீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற குடும்பம் எங்களுடையது. முருகனைப் பகடை உருட்டிக் கொல்லலாம் என்று படித்தபோது எனக்கும் கசந்தது. ஆனால் நம் சாமிகளை அந்தக் காலத்து வெளிநாட்டு விளையாட்டுக்காரர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு அந்தப் பக்கம்தான் சாட்சி. பிடிக்காதவர் திருப்பிவிட்டுப் போகட்டும். எனக்காக நீங்கள் கிழிக்க வேண்டாம்.

பழைய நூல்கள் அச்சுக்கு அச்சு மாறுவது இந்த விளையாட்டில் புதிதல்ல. 1974இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ரோல்பிளே விளையாட்டில், எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் வரும் குள்ள மனிதர்களான "ஹாபிட்" இருந்தார்கள்; டோல்கீன் படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததால் பிந்தைய அச்சுகளில் "ஹாஃப்லிங்" ஆனார்கள். அந்த விளையாட்டின் பதிப்பகமான டி.எஸ்.ஆர். 1980இல் வெளியிட்ட "டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்" நூலில் இந்தியத் தெய்வங்களின் வரிசையில் கார்த்திகேயனும் உண்டு. அதே நூலின் முதல் அச்சுகளில் லவ்கிராஃப்ட், மூர்காக் என்ற எழுத்தாளர்கள் இருவரின் கதையுலகங்களுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் இருந்தன. பிறகு அவற்றை எடுத்துவிட்டதில் 144 பக்க நூல் 128 பக்கமானது. ஆகவே "அசல்" என்று சொல்லும்போதே எந்த வருஷத்து எத்தனையாவது அச்சு என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் நூலில் அந்தத் தகவலும் இல்லை.

ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. குட்மேன் கேம்ஸ் என்ற விளையாட்டு நூல் பதிப்பகம் 2018இல் கொண்டுவந்த "இன்டு தி பார்டர்லேண்ட்ஸ்" தொகுப்பில் பழைய சாகச நூல்களின் பக்கங்களை ஸ்கேன் செய்தபடியே கொடுத்துவிட்டு, இன்றைய விதிகளுக்கு மாற்றி எழுதியதைத் தனியாக வைத்தார்கள். எது பழசு, எது புதுசு என்று வாங்குகிறவருக்குக் குழப்பமே வராது.

இந்த நாட்டில் வளர்ந்தவர்களுக்குத் தணிக்கை என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நிறவெறி அரசுகூடத் தடை செய்த நூல்களின் பெயரை அரசிதழில் போட்டது. எதைப் படிக்க விடவில்லை என்பதாவது தெரிந்தது. உங்கள் நூலில் அதற்கும் வழியில்லை. பழைய பிரதி கையில் இல்லாதவருக்கு ஒரு பக்கம் போனதே தெரியாது.

இங்குள்ள 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி விளம்பரம் செய்யக் கூடாது. குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரவும் முடியும். எனக்குப் பணம் முழுவதும் திரும்ப வேண்டும், 15 சதவீத வாட் வரியும் சேர்த்து. நூலைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே. இன்னும் விற்காத பிரதிகளில் அந்தப் பொன் எழுத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மாற்றியவை, நீக்கியவை எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சிட்டு உள்ளே வையுங்கள். ஆயுத அட்டவணையின் சரியான பக்கத்தை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்ப வேண்டும்.

பில்லின் நகலும், இரண்டு நூல்களின் பக்கங்களை அருகருகே வைத்து எடுத்த படங்களும் இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்