சந்தா கட்டியாயிற்று, கதவை எங்கள் மாணவர்களுக்கும் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய அணுசக்தித் துறைச் செயலாளர் அவர்களுக்கும், அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில், அரசு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்களுக்காகத்தான் இந்த மடலைப் பொதுவெளியில் எழுதுகிறேன்.

2017 ஜனவரி 16 அன்று, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் அமைப்பான செர்ன் ஆய்வுக்கூடத்தின் இணை உறுப்பு நாடாக இந்தியா ஆனது. அதற்கு முன் 2002 முதல் பார்வையாளர் தகுதி மட்டுமே இருந்தது. முழு உறுப்பு நாடாக இருந்தால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்குமோ, அதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இணை உறுப்பு நாடு ஆண்டுதோறும் கட்ட வேண்டும். செர்ன் கவுன்சிலில் நமக்கு வாக்கு கிடையாது. ஆனால் இந்தியக் குடிமக்கள் அங்குள்ள குறித்த காலப் பணியிடங்களுக்கும் ஃபெலோஷிப்புகளுக்கும் மாணவர் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். இந்திய நிறுவனங்கள் அதன் டெண்டர்களில் கலந்துகொள்ளலாம். இந்தப் பயன்களுக்கு நாம் கட்டும் தொகையை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு என்றாலும், இவை யாரும் தயவு பார்த்துத் தருபவை அல்ல. ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தான உரிமைகள். அந்தப் பணம் மக்களின் வரிப்பணம். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் என் மாணவியின் தாய் கடையில் வாங்கும் சோப்புக்குக் கட்டும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

மொய் எழுதியாயிற்று, பந்திக்கு நம் பிள்ளைகளை அழைத்துப்போக ஆளில்லை என்பதுதான் என் குறை.

செர்னின் கோடைக்கால மாணவர் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அளவில் குறைந்தது மூன்று ஆண்டுகள் படித்து முடித்த, இன்னும் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்காத இயற்பியல், கணிதம், கணினி, பொறியியல் மாணவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். நம் கணக்கில் பார்த்தால் பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி. படிக்கும் எவரும் தகுதியுள்ளவர். தேர்வானால் தங்கிப் படிக்கும் செலவுக்கு உதவித்தொகையும், பயணத்துக்கு ஒரு தொகையும் செர்னே தருகிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கமாக ஜனவரி மாதக் கடைசியோடு விண்ணப்பம் முடிந்துவிடும். இந்த நான்கைந்து வரிச் செய்தி தமிழ்நாட்டின் எத்தனை அரசுக் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது? எங்கள் கல்லூரிக்கு அப்படியொரு சுற்றறிக்கை வந்து நான் பார்த்ததில்லை.

செய்தி கிடைத்தாலும் அதோடு முடிவதில்லை. எங்கள் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி இணையத்தில் தானாகவே தேடி இந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்து என்னிடம் வந்தாள். அப்போது ஜனவரி பாதி தாண்டிவிட்டது. பருவவாரியாக எல்லா மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் கேட்டிருந்தார்கள். அவளிடம் இருந்ததோ இணையத்தில் இறக்கி அச்செடுத்த தனித்தனித் தாள்கள். டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்துக்கு மனுப்போட்டு, பணம் கட்டி, காத்திருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதமும் வேண்டும். எங்கள் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் என்றால் ‘இவர் நல்லொழுக்கம் உடையவர், வருங்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்’ என்று அரைப்பக்கம் எழுதி முத்திரை வைப்பதுதான். இந்த மாணவி என்ன புராஜெக்ட் செய்தாள், எங்கே திணறினாள், அதை எப்படித் தாண்டினாள், எந்தக் கணினி மொழியில் நிரல் எழுதுவாள் என்று அங்கே கேட்கிறார்கள். அப்படியொரு கடிதத்தை எழுதிப் பழகிய ஆசிரியர்கள் ஐ.ஐ.டி.களில் இருக்கிறார்கள். எங்களிடம் குறைவு. அந்த ஆண்டு அவள் விண்ணப்பம் போகவில்லை. தகுதி இல்லாமல் அல்ல, தாள் இல்லாமல்.

அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாத உயரம் என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கு வரலாறே பதில் சொல்கிறது.

கோலார் தங்கவயலில் வடாற்காடு பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், 1965-ல் ஓர் ஆய்வு நடந்தது. மும்பை டாடா அடிப்படை ஆய்வுக் கழகமும், ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்த ஆய்வாளர்களும் சேர்ந்து கருவிகளை அங்கே இறக்கினார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும், எதையும் எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களான நியூட்ரினோக்களின் தடயத்தை உலகில் முதன்முதலில் பதிவுசெய்தவர்களில் அவர்களும் அடக்கம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் அதே ஆண்டு இன்னொரு குழுவும் பதிவுசெய்தது. மேலிருந்து வரும் மற்ற துகள்களை வடிகட்ட அத்தனை தடிமனான பாறை வேண்டியிருந்தது. அந்த ஆழம் நம்மிடம் இருந்தது. நாம் வேடிக்கை பார்க்கவில்லை. மற்ற நாடுகள் தேடி வரும் அளவுக்கு நம் கையில் சரக்கு இருந்தது.

ஐந்தாண்டுகளில் இன்னொன்று எழுந்தது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவான ரேடியோ தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. அந்த ஊரின் அட்சரேகையும் சுமார் 11 பாகைதான். இப்படிப் பொருந்திய சரிவைத் தேடிப்பிடித்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. அதை ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ரேடியோ அலை வரும் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்க முடிகிறது. கையில் இருந்த குறைந்த பணத்துக்கு நிலத்தின் வடிவத்தையே துணைக்கு அழைத்துக்கொண்ட அந்த யோசனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பயின்ற அனுபவம்தான் புணே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியாக வளர்ந்தது. அந்த அனுபவத்தின் பலத்தில்தான் இன்று தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல நாடுகள் சேர்ந்து கட்டும் எஸ்.கே.ஏ. என்ற ரேடியோ தொலைநோக்கியில், அவ்வளவு பெரிய அமைப்பை மேலாண்மை செய்து இயக்கும் மென்பொருளில் இந்தியா முக்கியப் பொறுப்பு வகிக்கிறது.

செர்னிலும் நாம் வெறுங்கையோடு போகவில்லை. புரோட்டான்களை வேகமாகச் சுற்றவைத்து மோதவிடும், அங்குள்ள 27 கிலோமீட்டர் வளையத்தில் அவற்றின் பாதையை வளைக்கும் இருமுனைக் காந்தங்கள் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 30 டன்னுக்கு மேல் எடை. ஒவ்வொன்றும் மூன்று ஜாக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காந்தத்தை ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம் அளவுக்குத் துல்லியமாக நகர்த்தி நிறுத்த வேண்டும். வளையத்தில் ஒன்று பிசகினாலும் புரோட்டான் கற்றை பாதை தவறும். சுமார் 7,000 ஜாக்குகள் இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. இந்தூர் ராஜா ராமண்ணா மையம் மேற்பார்த்த வேலை அது. கடுங்குளிரில் மின்தடையின்றி இயங்கும் மீக்கடத்துத் திருத்தக் காந்தங்களும் இங்கிருந்து போயின. அந்த வளையத்தில் நடக்கும் ஆலிஸ் என்ற ஆய்வுக்கு, மோதலில் சிதறும் துகள்களைப் பதிவுசெய்யும் கண்டுணர் கருவியில் கொல்கத்தாவின் பெரிய ஆய்வகங்களோடு ஜம்மு, ராஜஸ்தான், பஞ்சாப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் வேலை செய்தார்கள்.

இந்தக் கடைசி வரியைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஜம்முவிலும் ஜெய்ப்பூரிலும் உள்ள பல்கலைக்கழகங்களால் முடிந்தது என்றால் அது தற்செயல் அல்ல. பெரிய ஆய்வகம் ஒன்று அவர்களைச் சேர்த்துக்கொண்டது. துறைகள் பணம் கொடுத்தன. ஆண்டுக்கணக்கில் அந்த உறவு தொடர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து, அதே வளையத்தில் நடக்கும் சி.எம்.எஸ். என்ற இன்னோர் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி. இருக்கிறது, மகிழ்ச்சி. அந்த வரிசையை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் நீட்டுங்கள் என்பதே வேண்டுகோள். ஒவ்வொரு முதன்மை ஆய்வகமும் தன் பொறுப்பில் சில கல்லூரித் துறைகளை எடுத்துக்கொள்ளட்டும். இதற்குக் கட்டடம் தேவையில்லை. சி.எம்.எஸ். குழு தன் மோதல் தரவுகளை 2014 முதல் யாரும் இறக்கிப் பயன்படுத்தும்படி வெளியிட்டு வருகிறது. ஓரளவு நல்ல கணினியும், வாரம் ஒருமுறை இணையவழியில் பேசும் ஆய்வாளர் ஒருவரும் இருந்தால் எங்கள் எம்.எஸ்சி. புராஜெக்ட் அந்தத் தரவிலேயே நடக்கும். ‘மெல்லிய படலம் தயாரித்தல்’ என்ற ஒரே தலைப்பை ஆண்டுதோறும் மாற்றி மாற்றி எழுதும் நிலை மாறும். பரிந்துரைக் கடிதத்தில் எழுதவும் எங்களுக்கு விஷயம் இருக்கும்.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளைப் பதிவுசெய்யும் லைகோ இந்தியா ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு 2016 பிப்ரவரியில் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது. ரூ.2,600 கோடிக்கான இறுதி ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் வந்தது. எஸ்.கே.ஏ. உடன்படிக்கை 2019-ல் ரோம் நகரில் கையெழுத்தானது. இந்தியா முழு உறுப்பினரானது 2024-ல். பெரிய பணம், யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழு ஆண்டுகள் என்பது ஒரு மாணவர் எம்.எஸ்சி. சேர்ந்து முனைவர் பட்டம் வாங்கிவிடும் காலம். 2016-ல் ஈர்ப்பலைச் செய்தி கேட்டு உற்சாகமாக இந்தத் துறைக்குள் வந்த ஒருவர், இந்தியாவில் கருவி எழும்பும் முன்பே படிப்பை முடித்துவிட்டு ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செர்னில் முழு உறுப்பினராக வேண்டுமா என்ற கேள்வியும் அவ்வப்போது எழுகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கும் இஸ்ரேல் 2014-ல் முழு உறுப்பினரானது. நமக்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. ஆனாலும் என் கருத்து, இப்போது வேண்டாம். வாக்குரிமை பெரிய விஷயம்தான். ஆனால் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் இடங்களே நாடு முழுவதும் பரவலாகப் போய்ச் சேராத நிலையில், பத்து மடங்கு கட்டினால் அதே சில நிறுவனங்களின் வாசலில்தான் கூட்டம் கூடும்.

தொழில் பக்கத்திலும் இதே நிலைதான். சர்வதேச அணுப்பிணைவுத் திட்டமான ஈட்டருக்காக 30 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ அதே உயரமும் கொண்ட, உலையைச் சூழ்ந்து நிற்கும் வெற்றிடக் கலமான கிரையோஸ்டாட்டைக் குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி நிறுவனம் செய்தது. நாடே பெருமைப்பட வேண்டிய வேலை. அதே துல்லியத்தைச் சிறிய அளவில் செய்யக்கூடிய பட்டறைகள் கோவையிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன. திருச்சியைச் சுற்றி பெல் நிறுவனத்துக்கு வெல்டிங் வேலை செய்து பழகியவர்கள் இருக்கிறார்கள். வெற்றிடக் குழாய், ஃபிளேஞ்ச், தாங்கு சட்டம் இவையெல்லாம் அவர்கள் கைக்கு வந்த வேலைகள். செர்ன் டெண்டர் எப்படி வெளியாகும், தரச்சான்று என்ன கேட்பார்கள், எந்த நாணயத்தில் விலை சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, செர்னுக்கும் நம் தொழில் நிறுவனங்களுக்கும் இடையே பாலமாக இருக்கும் தொழில் தொடர்பு அலுவலர் ஆண்டுக்கு ஒருமுறை கோவையில் கொடிசியா அரங்கில் வந்து உட்கார்ந்தால் போதும். தமிழில் பேசக்கூடியவராக இருந்தால் இன்னும் நல்லது.

செர்ன் வளாகத்தில் நாம் பரிசளித்த நடராசர் சிலை 2004-லிருந்து நிற்கிறது. அந்தப் படம் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆண்டு முழுவதும் சுற்றுகிறது. அதை எனக்கு அனுப்பும் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை அங்கே விண்ணப்பிக்கலாம் என்பது தெரியாது. ஆர்வம் இருக்கிறது, தகவல்தான் இல்லை.

ஆகவே கேட்கிறேன். இந்தியா உறுப்பினராக உள்ள எல்லா அறிவியல் அமைப்புகளின் மாணவர், பணி, டெண்டர் வாய்ப்புகளையும் ஒரே இடத்தில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வெளியிடுங்கள். விண்ணப்பம் ஜனவரியில் முடிகிறது என்றால் சுற்றறிக்கை ஆகஸ்டிலேயே கல்லூரிக் கல்வி இயக்ககங்கள் வழியாக ஒவ்வொரு கல்லூரிக்கும் வர வேண்டும். தேர்வாகும் ஏழை மாணவருக்கு பாஸ்போர்ட், விசா, முதல் விமானச் சீட்டு இவற்றுக்கு முன்பணம் கொடுங்கள். செர்ன் தரும் பயணத்தொகை கைக்கு வரும்வரை அந்த வீட்டில் கடன் வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கட்டினோம், எத்தனை இந்தியர்கள் எந்தத் திட்டத்தில் போனார்கள், அவர்கள் எந்த மாநிலம், எந்த வகைக் கல்லூரி, எத்தனை ஒப்பந்தங்கள் கிடைத்தன என்பதை நாடாளுமன்றத்தின் முன் வையுங்கள். கணக்கு வெளியே வந்தால் மற்றவை தானாக நகரும்.

தமிழகத் துணைவேந்தர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கில டிரான்ஸ்கிரிப்ட்டை விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள் இணையத்தில் கொடுக்க முடியும். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

செர்ன் வளையத்தின் திறன் உயர்த்தப்பட்ட அடுத்த கட்டம் 2030-ல் இயங்கத் திட்டமிடப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஆய்வு மாணவர்களாகும் வயதில் அதன் தரவுகள் வந்துகொண்டிருக்கும். உங்கள் ஆய்வகங்களில் ஏதேனும் ஒன்று எங்கள் துறையைத் தத்தெடுக்க முன்வந்தால் கணினி அறையை மாலை ஏழு மணிவரை திறந்துவைக்க எங்கள் கல்லூரி முதல்வர் இசைந்திருக்கிறார். பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதித் தர நானும் என் சக ஆசிரியர்களும் தயார். உங்கள் அலுவலகத்திலிருந்து யாரை, எந்தத் தேதியில் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
அரசுக் கல்லூரி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்